'ஸ்லிம்' வேறு, 'ஸ்கின்னி' வேறு: ஆங்கிலச் சொற்களின் நல்ல சாயலும் கெட்ட சாயலும்

ஆங்கிலம்–தமிழ் அகராதியில் 'தின்', 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' என்ற மூன்று சொற்களையும் தேடிப் பாருங்கள். மூன்றுக்கும் 'மெலிந்த', 'ஒல்லியான' என்றுதான் பொருள் இருக்கும். அகராதியில் தவறில்லை. உடம்பில் சதை குறைவு என்ற ஒரே செய்தியைத்தான் மூன்றும் சொல்கின்றன. ஆனால் உடற்பயிற்சி செய்து எடையைக் குறைத்த தோழியிடம் 'யூ லுக் ஸ்லிம்' என்றால் அவர் முகம் மலரும். 'யூ லுக் ஸ்கின்னி' என்றால், "ஏன், நோயாளி மாதிரி இருக்கிறேனா?" என்று கேட்டாலும் கேட்பார். 'தின்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை.

ஒரு சொல் நேரடியாகச் சுட்டுவதை ஆங்கிலத்தில் 'டினோட்டேஷன்' என்கிறார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் பாராட்டு, இளக்காரம், பரிவு, வெறுப்பு போன்றவை 'கனோட்டேஷன்'. முதலாவதை நேர்ப்பொருள் என்றும் இரண்டாவதைச் சாயல் என்றும் இந்தக் கட்டுரையில் வைத்துக்கொள்வோம். சாயல் நல்லதாக இருக்கலாம், கெட்டதாக இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. யோசித்து யோசித்துச் செலவு செய்கிறவரை நமக்குப் பிடித்திருந்தால் 'சிக்கனக்காரர்' என்கிறோம். பிடிக்காவிட்டால் 'கஞ்சன்', 'கருமி'. தன் முடிவை மாற்றிக்கொள்ளாதவரிடம் இருப்பது உறுதியா, பிடிவாதமா, அடமா, வீம்பா என்பதைச் சொல்கிறவரின் மனம்தான் தீர்மானிக்கிறது. வீம்பு என்ற சொல்லின் சாயலை எந்த வகுப்பிலும் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பாராட்டு மடலில் அதை எழுத மாட்டோம். வீட்டிலும் தெருவிலும் ஆயிரம் முறை கேட்டு, எந்த இடத்தில், எந்தக் குரலில் அது வருகிறது என்று காது பழகிவிட்டது. ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை நமக்கு அப்படிக் காது வழியாக வரவில்லை. பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்த சொல்–பொருள் பட்டியல் வழியாக வந்தவை அவை. அந்தப் பட்டியலில் நேர்ப்பொருளுக்கு இடம் இருந்தது, சாயலுக்கு இடம் இல்லை.

தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-ல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இதை ஒரே வரியில் காட்டினார். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வினைச்சொல்லைத் திரித்துச் சொல்வோமே, அந்த முறையில் அவர் சொன்னது இது: 'ஐ ஆம் ஃபர்ம், யூ ஆர் ஆப்ஸ்டினட், ஹீ இஸ் எ பிக்-ஹெடட் ஃபூல்.' நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவனோ யார் சொன்னாலும் கேட்காத முட்டாள். மூன்று பேரும் செய்தது ஒன்றுதான், யாரும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. தனக்கு ஒரு சொல், எதிரில் இருப்பவருக்கு ஒரு சொல், அங்கே இல்லாதவருக்கு ஒரு சொல் என்று நாக்கு தானாகவே பிரித்துக்கொள்கிறது. ஆங்கிலச் சொற்களின் சாயலைப் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நான் 'கியூரியஸ்', நீ கொஞ்சம் 'இன்குவிசிட்டிவ்', அவர் 'நோசி'. நான் 'த்ரிஃப்டி', நீ 'டைட்-ஃபிஸ்டட்', அவர் 'மைசர்'. நான் 'கான்ஃபிடென்ட்', நீ 'காக்கி' (கொஞ்சம் மிதப்பானவன்), அவர் 'அரகன்ட்'. இப்படி ஒரு குணத்தை எடுத்து மூன்று படிகளில் நீங்களே அடுக்கிப் பாருங்கள். மூன்றாவது படிக்குச் சொல் கிடைக்காவிட்டால் அந்தக் குணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சொல்லை மாற்றுவதால் அப்படி என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 1974-ல் அமெரிக்க உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் 45 மாணவர்களுக்குச் சாலை விபத்துப் படக்காட்சிகளைக் காட்டினார்கள். பிறகு, கார்கள் மோதியபோது என்ன வேகத்தில் போயிருக்கும் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் அதே கேள்விதான். 'மோதியபோது' என்பதற்குப் பயன்படுத்திய வினைச்சொல் மட்டும் குழுவுக்குக் குழு மாறியது. 'ஸ்மாஷ்ட்' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன வேகத்தின் சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று அதிகம். 'ஹிட்' என்று கேட்கப்பட்டவர்களிடம் அது 34. 'கான்டாக்டட்' என்று கேட்கப்பட்டவர்களிடம் 31.8. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். அந்தக் காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'ஹிட்' கேட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'ஸ்மாஷ்ட்' கேட்ட 50 பேரில் 16 பேர். இந்த வினைகளுக்கு இடையே இருப்பது நல்லது, கெட்டது என்ற சாயல் மட்டுமல்ல, வேக அளவும்தான் என்பது உண்மை. ஆனாலும் கேட்பவர் மனத்தில் ஒரு சொல் எவ்வளவு தூரம் போய்த் தங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இப்போது ஒரு குடும்பத்தையே எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். மூக்கில் படுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஸ்மெல்', 'சென்ட்', 'ஃப்ராக்ரன்ஸ்', 'அரோமா', 'ஓடர்', 'ஸ்டிங்க்', 'ஸ்டென்ச்' என்று ஒரு கூட்டமே இருக்கிறது. 'ஃப்ராக்ரன்ஸ்' என்பது பூ, வாசனைத் திரவியம் போன்றவற்றின் இனிய மணம். 'அரோமா' பெரும்பாலும் சமையலறையிலிருந்து வருவது, சாப்பிடத் தூண்டுவது. 'சென்ட்' மென்மையானது. வேட்டைநாய் மோப்பம் பிடிப்பதற்கும் அதே சொல்தான். 'ஓடர்' பார்வைக்கு நடுநிலையான, அறிவியல் வாசம் அடிக்கும் சொல். ஆனால் வியர்வை, சாக்கடை, எரிவாயுக் கசிவு ஆகியவற்றோடுதான் அதிகம் புழங்குகிறது. 'பாடி ஓடர்' என்றால் யாரும் நல்ல மணம் என்று நினைக்க மாட்டார்கள். 'ஸ்டிங்க்', 'ஸ்டென்ச்' இரண்டும் துர்நாற்றம். அதிலும் 'ஸ்டென்ச்' மூக்கைப் பொத்திக்கொள்ள வைப்பது.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'ஸ்மெல்' என்ற சாதாரணச் சொல்தான். 'திஸ் ஃப்ளவர் ஸ்மெல்ஸ் லவ்லி' என்றால் எந்தப் பிரச்சினையும் இல்லை. 'லவ்லி' என்ற துணையை எடுத்துவிட்டு, 'திஸ் ரூம் ஸ்மெல்ஸ்' என்று நிறுத்துங்கள். அறை நாறுகிறது என்று பொருள் வந்துவிடும். 'யூ ஸ்மெல்' என்பது நேரடியான வசை. நல்ல துணை இல்லாமல் தனியாக விட்டால் அந்தச் சொல் கெட்ட பக்கமே சாய்கிறது.

தமிழிலும் இதே பாதையில் ஒரு சொல் நடந்திருக்கிறது. திருக்குறளில் 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' என்று ஒரு வரி வருகிறது. மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்தைத்தான் வள்ளுவர் அங்கே நாற்றம் என்கிறார். இன்று பூக்காரரிடம் போய், "நல்ல நாற்றமுள்ள பூவாகக் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. நேர்ப்பொருள் கிட்டத்தட்ட அங்கேயேதான் இருக்கிறது, மூக்குக்குத் தெரிவது என்பதே அது. சாயல் மட்டும் புரண்டுவிட்டது.

ஆங்கிலத்திலும் புரண்ட சொற்கள் நிறைய. 'நைஸ்' என்பது லத்தீன் மொழியில் 'அறியாத' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்குள் நுழைந்த காலத்தில் 'முட்டாள்தனமான' என்றுதான் அதற்குப் பொருள். 'சில்லி' எதிர்த்திசையில் போனது. பழைய ஆங்கிலத்தில் 'பேறுபெற்ற' என்று பொருள் தந்த சொல், இன்று அசட்டுத்தனம் ஆகிவிட்டது. 'ப்ராபகாண்டா' என்ற சொல்லைப் போப் பதினைந்தாம் கிரிகோரி 1622-ல் மதப் பரப்புக்காக அமைத்த ஒரு சபையின் பெயரில் பார்க்கலாம். பரப்புதல் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. முதல் உலகப்போரில் அரசாங்கங்கள் செய்த பிரச்சாரத்துக்குப் பிறகுதான் பொய் கலந்த பிரச்சாரம் என்ற கறை அதில் அழுத்தமாகப் படிந்தது. ஆகவே பழைய ஆங்கில நூல்களைப் படிக்கும்போது இன்றைய சாயலை வைத்து ஆசிரியரின் மனத்தை எடைபோடக் கூடாது.

சாயல் தெரியாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பரிந்துரைக் கடிதத்தைப் பார்ப்போம். ஆசிரியர் ஒருவர் தன் மாணவியைப் பற்றி மனமார நல்லதாக எழுத நினைக்கிறார். 'ஷீ இஸ் ஸ்டப்பர்ன் அபவுட் ஹெர் கோல்ஸ், நோசி அபவுட் நியூ ஐடியாஸ், அண்ட் ஹேஸ் எ சைல்டிஷ் என்தூசியாசம்' என்று எழுதுகிறார். இலக்கணம் சுத்தம். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் எதையும் சிவப்பில் காட்டாது. ஆனால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? சொன்னதைக் கேட்காதவள், தேவையில்லாத இடத்தில் மூக்கை நுழைப்பவள், பக்குவம் இல்லாதவள் என்று நினைப்பார். ஆசிரியர் சொல்ல வந்தது 'டிட்டர்மின்ட்', 'கியூரியஸ்', 'யூத்ஃபுல்'. மூன்றே சொல்தான் மாறுகிறது, மாணவியே வேறு ஆளாகிவிடுகிறாள். இந்த மாதிரிப் பிழைக்காகத்தான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். எழுதியவரின் நல்லெண்ணம் முழுவதும் அதில் வீணாகிவிடுகிறது, அது அவருக்குத் தெரியவும் தெரியாது. படித்தவரும் திருத்த மாட்டார். ஏதோ காரணத்தோடுதான் இப்படி எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்.

'சைல்டிஷ்' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களிடம் இருக்கும் குழந்தைத்தனத்தைக் குறையாகச் சொல்ல 'சைல்டிஷ்', களங்கமற்ற தன்மையாகப் பாராட்ட 'சைல்ட்லைக்'. அதேபோல 'சிம்பிள்' என்பது எளிமை. 'சிம்ப்ளிஸ்டிக்' என்பது சிக்கலான ஒன்றை அளவுக்கு மீறி எளிதாக்கிவிட்ட குறை. இரண்டாவது சொல் நீளமாக இருப்பதால் அது உயர்ந்தது என்று நினைத்து, 'யுவர் எக்ஸ்பிளனேஷன் வாஸ் சிம்ப்ளிஸ்டிக்' என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. கேட்டவர் மனம் நொந்துபோவார். பின்னொட்டை வைத்து விதி ஒன்றும் வகுத்துவிட முடியாது. 'இஷ்' என்று முடிந்தாலும் 'பாயிஷ்' என்பது பெரும்பாலும் பாராட்டுதான்.

சில சொற்களின் சாயல் எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தது. 'சீப்' என்ற சொல் விமானக் கட்டணத்தோடு சேர்ந்தால் நல்ல செய்தி. சட்டையோடு சேர்ந்தால் சந்தேகம், விலை குறைவா, தரம் குறைவா? மனிதரோடு சேர்ந்தால் சந்தேகமே இல்லை, கஞ்சத்தனம் அல்லது கீழ்த்தரம். பொருளை விற்கிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் விளம்பரங்களில் 'அஃபோர்டபிள்', 'வேல்யூ', 'பட்ஜெட்' என்ற சொற்கள் வருகின்றன. பெயரையே மாற்றிய கதைகளும் உண்டு. 'படகோனியன் டூத்ஃபிஷ்' என்ற மீனுக்கு 1977-ல் அமெரிக்க மீன் வியாபாரி ஒருவர் 'சிலியன் ஸீ பாஸ்' என்று பெயர் சூட்டினார். மீன் அதேதான். பல்லும் கோரமும் நினைவுக்கு வரும் பெயர் போய், உணவகப் பட்டியலில் கௌரவமாக நிற்கும் பெயர் வந்தது. 2000-ல் அமெரிக்காவில் 'ப்ரூன்ஸ்' என்ற உலர்பழத்தை 'ட்ரைட் ப்ளம்ஸ்' என்று விற்க அனுமதி வாங்கினார்கள். 'ப்ரூன்ஸ்' என்றதும் முதியவர்களும் மலச்சிக்கலும் மட்டுமே மக்களுக்கு நினைவு வந்ததுதான் காரணம்.

நாடு மாறினால் சாயலும் மாறும். 'ஹோம்லி' என்றால் இங்கிலாந்தில் வீட்டைப் போல் இதமான இடம். இந்திய ஆங்கிலத்தில் குடும்பப் பாங்கான பெண். அமெரிக்காவில் ஒருவரை 'ஹோம்லி' என்றால் அழகில்லாதவர் என்று பொருள். மூன்று இடத்திலும் அச்சில் அதே எழுத்துகள். 'ஸ்கீம்' என்பதும் அப்படித்தான். பிரிட்டனிலும் இந்தியாவிலும் அரசுத் திட்டத்துக்கு அதுதான் இயல்பான சொல். அமெரிக்கரின் காதில் அதில் கொஞ்சம் சூழ்ச்சி கேட்கும். அங்கே 'ப்ரோகிராம்' அல்லது 'பிளான்' என்பது பாதுகாப்பானது.

யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அதிகாரமாகப் பேசும் ஆணை 'அசெர்ட்டிவ்' என்று மெச்சிவிட்டு, அதேபோல் பேசும் பெண்ணை 'பாஸ்ஸி' என்று குறை சொல்வது ஆங்கிலத்தில் பரவலான பழக்கம். 'பேச்சிலர்', 'ஸ்பின்ஸ்டர்' இரண்டும் திருமணமாகாதவர்களைக் குறிப்பவைதாம். முதலாவதில் சுதந்திரமான வாழ்க்கை தெரிகிறது. இரண்டாவதில், யாரும் கட்டிக்கொள்ளவில்லை என்ற இளக்காரம். நூல் நூற்கும் பெண் என்பதே அந்தச் சொல்லின் தொடக்கப் பொருள், அதில் எந்த இழிவும் இல்லை. 2005-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவேடுகளில் இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு, இருபாலருக்கும் 'சிங்கிள்' என்று எழுத ஆரம்பித்தார்கள். அது சரியான முடிவு.

சாயல் ஒளிந்திருக்கும் இன்னொரு இடம், நாம் கவனிக்கவே கவனிக்காத சாதுவான வினைச்சொற்கள். 'காஸ்' என்றால் ஏற்படுத்துவது, காரணமாவது. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் லட்சக்கணக்கான ஆங்கில வாக்கியங்களைக் கணினியில் திரட்டிப் பார்த்தபோது, அதன் பின்னால் வருபவை பெரும்பாலும் சேதம், விபத்து, பிரச்சினை, நோய், வலி என்று தெரிந்தது. அதனால்தான் 'ஹீ காஸ்ட் மச் ஹேப்பினஸ்' என்பது பிழையில்லாத வாக்கியமாக இருந்தும் காதில் இடறுகிறது. 'கொண்டுவந்தார்' என்ற பொருளில் 'ப்ராட்' என்று மாற்றினால் சரியாகிவிடும். இத்தகைய ஆய்வில் முன்னோடி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சின்க்ளேர். 'வந்து நிலைகொள்வது' என்று பொருள்படும் 'செட் இன்' என்ற தொடருக்கு முன்னால் எழுவாயாக வருபவை பெரும்பாலும் அழுகல், விரக்தி, மோசமான வானிலை போன்றவைதாம் என்று காட்டியவர் அவர். 'ஹேப்பினஸ் ஹேஸ் செட் இன்' என்று யாரும் சொல்வதில்லை. சேர்ந்து சேர்ந்து வந்ததால் துணைச்சொற்களின் நிறம் இவற்றிலும் ஏறிவிட்டது.

கட்டுரை, அறிக்கை எழுதுகிறவர்கள் விழும் பள்ளமும் இந்த வகைதான். 'சொன்னார்' என்று பொருள்படும் 'செட்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று 'க்ளெய்ம்ட்', 'அட்மிட்டட்', 'பாயிண்டட் அவுட்' என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். மேலாளர் சொன்னதை 'க்ளெய்ம்ட்' என்று எழுதினால், நம்ப முடியவில்லை என்று நீங்கள் ஜாடை காட்டியதாக ஆகிவிடும். 'அட்மிட்டட்' என்றால் அவர் ஏதோ தப்புச் செய்து ஒப்புக்கொண்டார். 'பாயிண்டட் அவுட்' என்றால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள். 'செட்' மட்டும்தான் இதில் எதையும் செய்யாது. ஒரே சொல் பத்து முறை வந்தாலும் பரவாயில்லை, 'செட்' என்றே எழுதுங்கள். செய்தி படிக்கும்போதும் இதைக் கவனிக்கலாம். ஒரே கூட்டத்தை ஒருவர் 'க்ரவுட்' என்றும் இன்னொருவர் 'மாப்' (கட்டுக்கடங்காத கும்பல்) என்றும் எழுதுவார்கள். ஒரே ஆட்சி ஒருவருக்கு 'கவர்ன்மென்ட்', இன்னொருவருக்கு 'ரெஜீம்'. நடந்தது என்ன என்று சொல்லும் முன்பே எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது.

சரி, ஒரு புதிய சொல்லின் சாயலை எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய சோதனை ஒன்று 'பட்', அதாவது 'ஆனால்' என்ற இணைப்புச் சொல். 'ஹீ இஸ் ஸ்டப்பர்ன், பட் ஐ லைக் ஹிம்' என்பது இயல்பாக ஓடுகிறது. அவர் பிடிவாதக்காரர், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். 'ஹீ இஸ் டிட்டர்மின்ட், பட் ஐ லைக் ஹிம்' என்றால் எங்கோ தட்டுகிறது, உறுதியாக இருப்பவரைப் பிடிக்க 'ஆனாலும்' எதற்கு? புதிய சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 'பட்' பொருந்தினால் சொல் கெட்ட பக்கம் சாய்ந்தது, 'அண்ட்' பொருந்தினால் நல்ல பக்கம். இரண்டும் பொருந்தினால் நடுநிலை. மனிதர்களின் குணத்தைச் சொல்லும் சொற்களுக்கு இது நன்றாக வேலை செய்யும், மற்றவற்றுக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது.

அப்புறம், அகராதியை மாற்றுங்கள். ஆங்கிலத்தைக் கற்போருக்கென்றே ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவை வெளியிடும் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் கெட்ட சாயல் உள்ள சொல்லுக்குப் பக்கத்தில் 'டிஸ்அப்ரூவிங்' என்றும் நல்ல சாயல் உள்ள சொல்லுக்கு 'அப்ரூவிங்' என்றும் சிறிய எழுத்தில் குறிப்பு இருக்கும். பெரும்பாலோர் பொருளை மட்டும் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் குறிப்பை முதலில் பாருங்கள், பிறகு கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால், சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருளை மட்டும் எழுதாமல் அந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். 'நொட்டோரியஸ்' என்பதற்கு எதிரே 'புகழ்பெற்ற' என்று மட்டும் எழுதி வைத்தவர், என்றாவது ஒரு விஞ்ஞானியை அந்தச் சொல்லால் அறிமுகப்படுத்திவிடுவார். 'எ நொட்டோரியஸ் க்ரிமினல்' என்று எழுதி வைத்தவருக்கு அந்த விபத்து நேராது.